வீட்டுக்குள் மிதிப்பதா, ரோட்டில் ஓட்டுவதா?

எக்சர்சைஸ் பைக் வாங்கலாமா, இல்லை நல்ல சைக்கிளாகவே ஒன்று வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் கேட்பது, "எதில் அதிகக் கலோரி கரையும்?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்வது சுலபம். பெடலில் நொடிக்கு எவ்வளவு சக்தி செலுத்துகிறோம் என்பதை வாட் கணக்கில் சொல்வார்கள். 100 வாட் அளவுக்கு மிதித்தால், வீட்டுக்குள்ளும் அது 100 வாட்தான், ரோட்டிலும் 100 வாட்தான். நம் உடம்பு செலவிடுகிற சக்தியில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரைதான் பெடலுக்குப் போய்ச் சேர்கிறது. மற்றதெல்லாம் சூடாக வெளியேறிவிடுகிறது. அந்தக் கணக்கில் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் 100 வாட்டில் மிதித்தால் சுமாராக 350 முதல் 430 கலோரி வரை செலவாகும். வண்டி நகர்கிறதா, நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்பது தொடைத் தசைக்குத் தெரியாது.

ஆக, கலோரியை வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. எவ்வளவு சிரமப்பட வேண்டும், எப்போது நிறுத்தலாம் என்ற இரண்டு விஷயங்களை யார் தீர்மானிக்கிறார்கள்? மிஷினில் இரண்டுமே நம் கையில். ரோட்டில் மேடும் காற்றும் வீடு இருக்கும் தூரமும் தீர்மானிக்கின்றன. சிலருக்கு முதலாவதுதான் வேண்டும், சிலருக்கு இரண்டாவதுதான் வேண்டும். தான் எந்த ரகம் என்று தெரியாமல் வாங்குகிறவர்கள்தான் மூன்று மாதம் கழித்து மிஷின் மேல் துணி போட்டு வைக்கிறார்கள், அல்லது காற்றிறங்கிய டயரோடு சைக்கிளைப் படிக்கட்டுக்கு அடியில் நிறுத்தி வைக்கிறார்கள்.

மேடும் எதிர்க்காற்றும்

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ள ஒருவர், 12 கிலோ சைக்கிள். 100 மீட்டர் போனால் 5 மீட்டர் உயரும் மேடு. பார்வைக்குப் பெரிய மேடாகவே தெரியாது. அதில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏற வேண்டுமென்றால், அந்த 82 கிலோவை மேலே தூக்குவதற்கு மட்டுமே சுமார் 110 வாட் வேண்டும். டயர் உராய்வும் காற்றும் அதற்கு மேல். பழக்கமில்லாதவருக்கு 110 வாட் என்பது இரண்டு மூன்று நிமிடத்தில் வாயால் மூச்சுவிட வைக்கும் அளவு. சரி, மெதுவாகப் போகலாம் என்றால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. வேகம் ரொம்பக் குறைந்தால் ஹேண்டில்பார் ஆட ஆரம்பிக்கும், பேலன்ஸ் போகும். கியர் இருந்தால் கால் சுழலும் வேகத்தைச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் அந்த எடையை அந்த வேகத்தில் மேலே கொண்டுபோகத் தேவையான சக்தியை எந்தக் கியராலும் குறைக்க முடியாது. இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் மிச்சமுள்ள வழி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மிஷினில் இதே மூச்சிரைப்பு வந்தால், பெடலின் தடையைக் கூட்டிக் குறைக்கும் குமிழைக் கொஞ்சம் திருப்பினால் போதும். மேடு அந்த நொடியே சமதளமாகிவிடும்.

காற்றும் அப்படித்தான். சமதளத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம், எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது என்றால், உடம்பின் மேல் மோதும் காற்றின் வேகம் 35. காற்றுத் தடையின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடும் என்பதால், காற்றில்லாத நாளைவிட மூன்று மடங்கு விசையைச் சமாளிக்க வேண்டியிருக்கும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகைத் தள்ளும், கால் சும்மா சுற்றும். ஒரே பாதை போகும்போது கடும் பயிற்சி, வரும்போது ஓய்வு.

இதனால்தான் ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டினேன் என்பதும், மிஷினில் ஒரு மணி நேரம் மிதித்தேன் என்பதும் ஒன்றல்ல. ரோட்டில் இறக்கம் உண்டு, சிக்னல் உண்டு, முன்னால் போகிறவர் திடீரென்று நிற்பதால் மிதிக்காமல் உருண்டுகொண்டே போகும் நேரம் உண்டு. மிஷினில் அப்படி எதுவும் இல்லை. அரை மணி என்றால் முழு அரை மணியும் கால் சுழன்றுகொண்டே இருக்கும். நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு இது பெரிய சௌகரியம். அதேபோல நான்கு நிமிடம் வேகமாக, மூன்று நிமிடம் மெதுவாக, திரும்ப நான்கு நிமிடம் வேகமாக என்று மாற்றி மாற்றிச் செய்யும் பயிற்சிக்கு மிஷின்தான் ஏற்றது. நெரிசலான ரோட்டில் நான்கு நிமிடம் முழு மூச்சில் ஓட்ட இடமே கிடைக்காது. கிடைத்தாலும், அந்த அளவு மூச்சிரைக்கும்போது சுற்றிலும் வண்டிகளைக் கவனிப்பது கஷ்டம்.

திரையில் ஓடும் எண்கள்

எக்சர்சைஸ் பைக்கின் திரையில் வேகம், தூரம், கலோரி எல்லாம் வரும். இவற்றை அப்படியே நம்ப வேண்டாம். சாதாரண மாடல்களில் ஒரு சென்சார், சக்கரமோ பெடலோ எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை மட்டும்தான் எண்ணுகிறது. அதை ஏதோ ஒரு நிலையான எண்ணால் பெருக்கி இத்தனை கிலோமீட்டர் என்று காட்டுகிறது. உங்கள் மிஷின் எந்த வகை என்று நீங்களே பார்த்துவிடலாம். குமிழை முழுவதும் தளர்த்திவிட்டு வேகமாகச் சுற்றுங்கள். காலுக்குச் சிரமமே இல்லை, ஆனாலும் திரையில் தூரமும் கலோரியும் மளமளவென்று ஏறினால், அது உங்கள் உழைப்பை அளக்கவில்லை, சுற்றுகளை எண்ணுகிறது என்று அர்த்தம். உங்கள் எடையைக்கூடக் கேட்காத மிஷின் சொல்லும் கலோரிக்கு மதிப்பு இன்னும் குறைவு. பெடலில் விழும் விசையை நேரடியாக அளந்து வாட் காட்டும் மிஷின்களும் உண்டு. அவற்றின் எண்ணை நம்பலாம், விலையும் அதற்கேற்ப இருக்கும்.

அதற்காகத் திரை வீண் என்று சொல்லவில்லை. அதே மிஷின், அதே லெவல், அதே நேரம். போன வாரத்தைவிட இந்த வாரம் மூச்சு குறைவாக வாங்குகிறதா என்று பார்க்க அது போதும். நாள்தோறும் காற்றும் நெரிசலும் மாறும் ரோட்டில் இப்படி ஒப்பிடுவது அவ்வளவு எளிதல்ல. எந்தக் கருவியும் இல்லாமல் பார்க்க வேண்டுமென்றால் பேச்சை வைத்துப் பார்க்கலாம். மிதித்துக்கொண்டே பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமான பயிற்சி. இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் கடுமையான பயிற்சி. இது இரண்டு இடத்திலும் ஒன்றுபோலவே பொருந்தும்.

உடம்புக்குத் தெரியும் வித்தியாசங்கள்

வீட்டுக்குள் முதலில் தெரிவது சூடு. மேலே சொன்னபடி நாம் செலவிடும் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் சூடாகத்தான் வெளிவருகிறது. ரோட்டில் நாம் நகர்வதாலேயே காற்று மேலே பட்டு வியர்வையை உலர்த்திவிடும். அறைக்குள் அந்தக் காற்று இல்லை. பத்து நிமிடத்தில் முன்கை முழுக்க நனைந்து ஹேண்டில்பார் வழுக்கும், அதே வேகத்தில் மிதித்தாலும் இதயத் துடிப்பு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். தோலுக்கு ரத்தம் அனுப்பி உடம்பைக் குளிரவைக்கும் வேலையும் இதயத்தின் தலையில் விழுவதுதான் காரணம். மிஷின் வாங்குகிறவர்கள் நேராக மார்பில் காற்று படும்படி ஒரு ஃபேனையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால், மிஷினில் இருக்கும் புளூடூத்தைவிட ஃபேன் முக்கியம்.

அடுத்தது சீட். சைக்கிளில் உடம்பு அறியாமலே அசைந்துகொண்டே இருக்கிறது. பள்ளம் வந்தால் லேசாக எழுந்துகொள்வோம், வளைவில் சாய்வோம், நிற்கும்போது இறங்கிவிடுவோம். மிஷினில் ஒரே இடத்தில் ஒரே அழுத்தம். ரோட்டில் ஒன்றரை மணி நேரம் வலிக்காதவருக்கும் மிஷினில் அரை மணியில் மரத்துப்போகலாம். ஐந்தாறு நிமிடத்துக்கு ஒருமுறை பெடல் மேல் நின்று பத்து இருபது சுற்று மிதித்துவிட்டு உட்கார்ந்தால் சரியாகிவிடும். அப்படியும் மரத்துப்போவது நிற்காவிட்டால் சீட்டின் முனை மேலே தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

பேலன்ஸ்தான் சைக்கிளின் தனிச் சொத்து. நேராகப் போவதுபோலத் தெரிந்தாலும், ஹேண்டில்பார் ஒவ்வொரு நொடியும் இம்மியளவு இடமும் வலமும் திரும்பிக்கொண்டே இருக்கிறது. அதற்கேற்ப இடுப்பும் முதுகும் வயிற்றுத் தசையும் வேலை செய்கின்றன. ஒரு கையை எடுத்து சிக்னல் காட்டிவிட்டுத் தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது, கோடு விலகாமல் போவது, பிரேக்கை எவ்வளவு அழுத்துவது என்று விரலுக்குத் தெரிவது, இவை எதையும் மிஷின் கற்றுத் தராது. ஆறு மாதம் மிஷினில் நன்றாக மிதித்தவர் முதன்முதலில் ரோட்டுக்கு வந்தால் மூச்சு தாங்கும், கால் தாங்கும். கழுத்தும் உள்ளங்கையும்தான் வலிக்கும், வளைவில் பயமும் வரும். வயது ஏற ஏறப் பேலன்ஸ் குறைகிறது என்பதால், ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவர்கள் ஐம்பது வயதுக்கு மேல் சைக்கிளை அடியோடு விட்டுவிடுவது நஷ்டம் என்றே நினைக்கிறேன்.

இரண்டுமே செய்யாத ஒரு வேலையும் இருக்கிறது. எலும்பு வலுவாக அதன் மேல் எடையும் அதிர்வும் விழ வேண்டும். சைக்கிளில் நம் எடையைச் சீட் தாங்கிக்கொள்கிறது. மூட்டுக்கு இது நல்லது, எலும்புக்குப் போதாது. வருடக்கணக்காக வேறெந்தப் பயிற்சியும் இல்லாமல் சைக்கிள் மட்டுமே ஓட்டும் பந்தய வீரர்களில் பலருக்கு முதுகெலும்பின் அடர்த்தி குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சர்வதேச விண்வெளி நிலையத்திலும் ஒரு எக்சர்சைஸ் பைக் உண்டு. அங்கே எடை இல்லாததால் அதற்குச் சீட்டே தேவைப்படவில்லை. விண்வெளி வீரர்கள் ஷூவைப் பெடலில் மாட்டிக்கொண்டு மிதிக்கிறார்கள். ஆனால் அதோடு விடுவதில்லை. உடம்பைப் பட்டையால் கீழே இழுத்துப் பிடித்து ஓடும் டிரெட்மில்லும், பளுதூக்குவதற்கு இணையான மிஷினும் அங்கே இருக்கின்றன. எலும்பும் தசையும் கரையாமல் இருக்க அவை வேண்டும். தரையில் இருக்கும் நமக்கு வழி சுலபம். எதை வாங்கினாலும் கூடவே நடையும், வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சியும் இருக்கட்டும்.

யாருக்கு மிஷின்தான் சரி

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்கள் ஆனவர்களை பிசியோதெரபிஸ்டுகள் எக்சர்சைஸ் பைக்கில் உட்கார வைப்பார்கள். முதலில் முழுச் சுற்று வராது. பெடலை முன்னால் பாதி, பின்னால் பாதி என்று ஊஞ்சலாட்டுவதுபோல ஆட்டுவார்கள். ஒவ்வொரு நாளும் மூட்டு கொஞ்சம் கூடுதலாக மடங்கும். பிறகு ஒருநாள் பெடல் உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கும். அந்த முதல் முழுச் சுற்று வரும்போது நோயாளியின் முகத்தில் தெரியும் நிம்மதியைப் பார்த்தவர்கள், இந்த மிஷினைச் சைக்கிளுக்கு மாற்று என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். ரோட்டில் அரைச் சுற்று மிதிக்க முடியாது.

இதய நோய்க்குப் பிறகு பயிற்சி தொடங்குகிறவர்களுக்கும் இதே காரணம். இத்தனை வாட், இத்தனை நிமிடம், துடிப்பு இதற்கு மேல் போகக் கூடாது என்று மருத்துவர் மருந்துபோல அளந்து கொடுக்கிறார். அந்த அளவை மேடும் காற்றும் மதிக்காது, மிஷின் மதிக்கும். இதயத்தைப் பரிசோதிக்கவும் மருத்துவமனைகளில் பலகாலமாக இத்தகைய சைக்கிளைப் பயன்படுத்துகிறார்கள். 1954ல் ஸ்வீடனில் ஆஸ்ட்ரண்ட், ரூமிங் என்ற இரண்டு உடலியல் ஆய்வாளர்கள் சேர்ந்து, மிதிக்கும்போது இதயம் எப்படித் துடிக்கிறது என்பதை வைத்து ஒருவர் உடம்பு எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்று கணிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஆறு நிமிடம் சீராக மிதித்தால் போதும் என்ற அந்த முறை இன்றும் வழக்கத்தில் இருக்கிறது.

கர்ப்பிணிகளுக்கும் மிஷின்தான் ஏற்றது. வயிறு பெரிதாக ஆக உடம்பின் ஈர்ப்பு மையம் மாறுவதால் சைக்கிளில் விழும் ஆபத்து கூடுகிறது. தலைச்சுற்றல் வரும் மருந்து சாப்பிடுகிறவர்கள், பார்வை மங்கியவர்கள், வலிப்பு உள்ளவர்கள், இவர்களுக்கெல்லாம் வேறு யோசனையே வேண்டாம். முதுகுவலிக்காரர்களுக்கும் அதிக எடை உள்ளவர்களுக்கும் முதுகைச் சாய்த்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கும் ரிகம்பென்ட் வகை சௌகரியமாக இருக்கும். அப்புறம், தூங்கும் குழந்தையை விட்டு வெளியே போக முடியாத பெற்றோர், இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள், வீட்டைச் சுற்றி லாரி ஓடும் நெடுஞ்சாலையைத் தவிர வேறு ரோடே இல்லாதவர்கள். இவர்களிடம் போய் இயற்கை, வெளிக்காற்று என்று பேசுவது அநியாயம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பலர் சேர்ந்து எக்சர்சைஸ் பைக்கில் வேகமாக மிதிக்கும் ஸ்பின் வகுப்புக்கு முதல் நாள் போகிறவர்கள் மற்றவர்கள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முயல வேண்டாம். பழக்கமில்லாத தொடைத் தசையை ஒரேயடியாகக் கசக்கினால் தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். முதல் ஸ்பின் வகுப்புக்குப் பிறகு அப்படி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் உண்டு. தாங்க முடியாத தொடை வலியோடு சிறுநீர் கறுத்த நிறத்தில் போனால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

நிறுத்துவது யார் கையில்

மற்றவர்கள் எல்லோருக்கும் நான் முதலில் சைக்கிளைத்தான் சொல்வேன். காரணம் இதுதான். மிஷினில் இருந்து எந்த நொடியிலும் இறங்கிவிடலாம். இறங்கினால் வீட்டில்தான் இருக்கிறோம், எந்த நஷ்டமும் இல்லை. அதனால் அரை மணி நேரமும் "போதுமா, இன்னும் கொஞ்சமா" என்று மனதுக்குள் பேச்சுவார்த்தை நடந்துகொண்டே இருக்கும். பத்தொன்பதாவது நிமிடத்தில் போன் அடித்தால் அதுவே சாக்கு. சைக்கிளில் நான்கு கிலோமீட்டர் போய்விட்டால் திரும்பி வந்தே ஆக வேண்டும். வேலைக்குப் போவதற்கோ சாமான் வாங்குவதற்கோ போயிருந்தால் அது பயிற்சி என்ற நினைப்பே வராது. மன உறுதி எங்கே தேவைப்படுகிறது என்றால், வாசலில் வண்டியை எடுக்கும் அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டியில் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. நான்கு கிலோமீட்டர் தொலைவில் வேலை இருப்பவர் நிதானமாக ஓட்டினால் போக கால் மணி, வர கால் மணி. வாரம் ஐந்து நாளுக்கு 150 நிமிடம் ஆகிவிடுகிறது. பஸ்ஸுக்கோ கார் நிறுத்தும் இடத்துக்கோ செலவாகியிருக்கக்கூடிய நேரமே பயிற்சி நேரமாக மாறுகிறது. மிஷினுக்கோ நாளில் தனியாக அரை மணி ஒதுக்க வேண்டும்.

2017ல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைக்கு எப்படிப் போகிறார்கள் என்று பார்த்து, அவர்கள் உடல்நலத்தைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். சைக்கிளில் போனவர்களிடம், காரிலோ பொதுப் போக்குவரத்திலோ போனவர்களைவிட, அந்தக் காலத்தில் இறக்கும் ஆபத்து 41 சதவீதம் குறைவாக இருந்தது. முழுப் பெருமையும் சைக்கிளுக்கே என்று சொல்லிவிட முடியாது. ஏற்கெனவே ஆரோக்கியமாக இருப்பவர்கள்தான் சைக்கிளை எடுக்கத் துணிந்திருக்கலாம், புகை, உணவுப் பழக்கம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்தாலும் அந்தச் சந்தேகம் முழுவதும் போகாது. இருந்தாலும் நான் இதில் கவனிப்பது அந்த 41ஐ அல்ல. இவர்கள் யாரும் ஆய்வுக்காக மிதித்தவர்கள் அல்ல, வேலைக்குப் போக மிதித்தவர்கள். போய்ச் சேர ஓர் இடம் இருந்தால் பழக்கம் தானாக நிலைத்துவிடுகிறது.

மனதுக்கும் வித்தியாசம் உண்டு. மிஷினில் கண் கடிகாரத்தின் மேல்தான் இருக்கும். நிமிடம் நகரவே நகராது. ரோட்டில் கவனம் முழுக்க வெளியே போய்விடுவதால் சிரமம் குறைவாகத் தெரிகிறது. ஆனால் மூளை களைத்துப்போய், எதையும் கவனிக்க விருப்பமில்லாத மாலைகளில் அந்த வெற்றுச் சுற்றல்தான் இதம். அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆபத்தைப் பற்றி

சைக்கிளுக்கு எதிரான வலுவான வாதம் போக்குவரத்துதான், அதைப் பூசி மெழுகக் கூடாது. மிஷினில் இருந்து விழுந்து யாரும் லாரிக்கு அடியில் போவதில்லை. ஹெல்மெட், முன்னும் பின்னும் விளக்கு, இரண்டு பிரேக்கும் சரியாகப் பிடிப்பது, இவை இல்லாமல் ரோட்டுக்கு வர வேண்டாம். நிறுத்தியிருக்கும் கார்களின் கதவு திடீரென்று திறக்கும், அந்த அகலத்துக்கு விலகியே ஓட்ட வேண்டும். திரும்பும் லாரி, பஸ்ஸின் உட்பக்கத்தில் நுழையவே கூடாது. டிரைவருக்கு அந்த இடம் கண்ணில் படாது. புகை அதிகமுள்ள ஊரில் முக்கிய சாலைக்கு ஒரு தெரு உள்ளே தள்ளி ஓட்டினாலே மூச்சில் போகும் தூசி குறையும். மிதிக்கும்போது சும்மா இருக்கும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு காற்றை இழுக்கிறோம் என்பதால் இது சின்ன விஷயமல்ல. ஆஸ்துமா உள்ளவர்கள் மாசு கூடிய நாளில் வெளியே போகாமல் இருப்பதே மேல்.

மிஷினும் ஆபத்தே இல்லாதது என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்பின் பைக்கின் கனமான சக்கரம் பெரும்பாலும் பெடலோடு நேரடியாக இணைந்திருக்கும். நாம் மிதிப்பதை நிறுத்தினாலும் அது சுழன்று காலையும் இழுத்துச் சுற்றும். வேகத்தில் இருக்கும்போது காலை வெளியே எடுத்தால் பெடல் கெண்டைக்காலில் அடிக்கும். லெவல் மாற்றும் குமிழைக் கீழே அழுத்தினால் பிரேக் பிடித்து நின்றுவிடும். வாங்கிய முதல் நாளே இதைப் பழகிக்கொள்ள வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் சக்கரமும் பெல்ட்டும் முழுவதும் மூடிய மாடலைத்தான் வாங்க வேண்டும். சின்ன விரல்கள் அந்த இடைவெளியைத்தான் தேடிப் போகும்.

வாங்கும்போது

மிஷின் என்றால் காந்தத்தால் இயங்கும் வகை நல்லது. சக்கரத்துக்குப் பக்கத்தில் காந்தம் நெருங்க நெருங்க, சக்கரத்தைத் தொடாமலே அதன் சுழற்சியைத் தடுக்கும். தேய்மானம் இல்லை, சத்தமும் இல்லை. கம்பளிப் பட்டையை அழுத்தித் தடை கொடுக்கும் வகையில் பட்டை தேயும், லெவலும் நாளாக நாளாக மாறும். மின்விசிறிபோல இறக்கை வைத்த ஏர் பைக் வேகமாக மிதிக்க மிதிக்கக் கடினமாகும். கடும் பயிற்சிக்கு அருமை, அடுத்த அறையில் தூங்குகிறவருக்குக் கொடுமை. கடையில் ஏறிப் பெடல் மேல் நின்று இரண்டு பக்கமும் சாய்ந்து பாருங்கள். ஆடினால் வேண்டாம். சீட் மேலும் கீழும் மட்டுமல்ல, முன்னும் பின்னும் நகர வேண்டும். எத்தனை கிலோ எடை தாங்கும் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, உங்கள் எடையைவிட நன்றாகக் கூடுதலாக இருந்தால் மட்டும் எடுங்கள்.

சைக்கிள் என்றால் கியர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஃபிரேம் அளவு உங்கள் உயரத்துக்குப் பொருந்துகிறதா என்பதுதான் முதல் கேள்வி. அது தவறினால் பிறகு எதை மாற்றினாலும் முதுகு வலிக்கும்.

சீட் உயரத்துக்கு இரண்டுக்கும் ஒரே முறைதான். பெடலை அடியில் கொண்டுவந்து அதன் மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டால் சீட் சரி. பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கும்போது முழங்கால் தேவையான அளவு லேசாக மடங்கும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்ந்திருக்கிறது, பின்பக்கம் வலித்தால் உயர்ந்திருக்கிறது. சைக்கிளில் பலரும் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் பட வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைப்பார்கள். முழங்கால் வலிக்கு அதுவே முதல் காரணம். நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்றப் பழகிக்கொண்டால் சீட்டை அதன் சரியான உயரத்திலேயே வைக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் மிஷினில் தொடங்கியவர்களுக்கு லாபம் உண்டு. விழும் பயம் இல்லாததால் அவர்கள் சீட்டை ஆரம்பத்திலிருந்தே சரியாக வைத்துப் பழகியிருப்பார்கள்.

இன்னொன்று, வீட்டில் நாமே பெடல் மாட்டும்போது நடப்பது. வலது பெடல் சாதாரண திருகுபோலக் கடிகாரச் சுற்றில் இறுகும். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் இருக்கும், எதிர்ச்சுற்றில்தான் இறுகும். தெரியாமல் பலம் கொடுத்துத் திருகினால் மரை போய்விடும், பெடலைத் தாங்கும் கிராங்க் தண்டையே மாற்ற வேண்டி வரும். மிதிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் 'டக் டக்' என்று சத்தம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பெடலைத்தான்.

நல்ல சைக்கிள் கையில் இருக்கிறது, மழைக்காலத்தில் மட்டும்தான் பிரச்சினை என்பவர்களுக்கு மூன்றாவது வழி உண்டு. அதே சைக்கிளின் பின்சக்கரத்தை ஏற்றி நிறுத்தும் டிரெய்னர். உங்கள் சீட், உங்கள் ஹேண்டில்பார், உடம்புக்குப் பழகிய அளவு எல்லாம் அப்படியே இருக்கும். டயரை உருளையில் அழுத்தும் வகை மலிவு, ஆனால் டயர் தேயும், சத்தம் வரும். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு நேரடியாகச் செயினை மாட்டும் வகை அமைதியானது, விலை கூடுதல். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இது தேவையில்லை.

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்து பாருங்கள். யாரிடமாவது சைக்கிளைக் கேட்டு வாங்கி, நீங்கள் அடிக்கடி போகும் இடத்துக்கு விடுமுறை நாள் காலையில் ஒருமுறை போய் வாருங்கள். வழியில் எந்தத் திருப்பத்தில் பயந்தீர்கள், போய்ச் சேர்ந்தபின் வண்டியை எங்கே பூட்டி வைத்தீர்கள், வியர்வையை எப்படிச் சமாளித்தீர்கள் என்று பாருங்கள். இந்த மூன்றுக்கும் வழி கிடைத்துவிட்டால் சைக்கிளையே வாங்குங்கள். மிஷின் என்றால், ஏதாவது ஜிம்மில் இரண்டு வாரம் சேர்ந்து, வீட்டில் மிதிக்கப்போவதாக நினைக்கும் அதே நேரத்தில் போய் மிதித்துப் பாருங்கள். காலை ஐந்தரை மணி என்று திட்டம் போட்டால் காலை ஐந்தரைக்குத்தான் போக வேண்டும், ஞாயிறு மாலை வசதியான நேரத்தில் அல்ல. இரண்டாவது வாரமும் அந்த நேரத்துக்குப் போக முடிந்தால் தாராளமாக வாங்கலாம். வாங்கியபின் உள்ளறையின் மூலையில் வைக்காமல், ஜன்னலோ டிவியோ எதிரே இருக்கிற, நடமாட்டமுள்ள இடத்தில் வையுங்கள்.